சாம்பலின் சம்மதம்

எந்த விலங்கையும் அதன் சம்மதம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வந்தபோது மலேசியாவில் ஜோகூர் பாருவே சிரித்தது. மாட்டைக் கேட்டுக்கொண்டா வண்டியில் பூட்டினோம், கோழியைக் கேட்டுக்கொண்டா குழம்பு வைக்கிறோம் என்று காப்பிக்கடைகளில் பேச்சு. சில மாதங்களில் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தின் இந்தப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. அதற்குள் அரிசி மூட்டை அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து உட்கார்ந்தது. சட்டப் புத்தகத்தில் அதற்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு பெயர் இருந்தது. சனங்கள் சம்மதப் பெட்டி என்று சுருக்கிக்கொண்டார்கள். விலங்கின் தலை உள்ளே போனால் போதும், மூளையில் ஓடுவதைப் பெட்டி படித்துவிடும். பச்சை எரிந்தால் பாலம். சிவப்பு எரிந்தால் வந்த வழி.

சிரித்தவர்களில் லோகேஸ்வரியும் ஒருத்தி. அப்போது அவளுக்குச் சிங்கப்பூர் போகும் எண்ணமெல்லாம் இல்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். சந்தைக்குப் போனால் மீன்காரரிலிருந்து பல் டாக்டர் வரை "டீச்சர்" என்று கும்பிடுவார்கள். அவள் கணவன் தனேந்திரன் சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். கல்யாணமான நாளிலிருந்து விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறி, இருட்டிய பிறகு திரும்புகிறவன். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் மிச்சமிருந்த மூன்றாவது உயிர் சாம்பல். ஒருநாள் பயிற்சிக் காரின் பானட்டைத் திறந்தபோது இன்ஜின் சூட்டில் சுருண்டு கிடந்த பூனைக்குட்டி. இப்போது நன்றாகக் கொழுத்து, சாம்பல் நிறத்தில் ஒரு தலையணை மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருடம் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் ஒரு வீடு அமைந்தது. தனேந்திரனின் அக்கா கோகிலவாணி பார்த்துக் கொடுத்த வீடு. அவன் துள்ளிக் குதித்தான். லோகேஸ்வரி "ம்" என்றாள். வேலையை விட்டாள். சாமான்கள் லாரியில் முன்னால் போய்விட்டன. இன்றைக்கு மதியத்துக்குள் புது வீட்டில் பால் காய்ச்சவேண்டும். அக்கா அங்கே சட்டியோடு காத்திருந்தாள்.

லோகேஸ்வரி ஓட்ட, தனேந்திரன் பக்கத்தில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கூண்டை ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டறேன்? நீதான் பிரேக் போடறே."

"நான் பிரேக் போட்டது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னா, நான் வேலையை விட்டது சரிதான்," என்றாள் அவள்.

விலங்குகள் பிரிவில் கூட்டம் அதிகமில்லை. நாய்களுக்குத் தனி வரிசை. அங்கே யாரும் நிற்கவே இல்லை, நடந்துகொண்டே போனார்கள். நாய், எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லும் சாதி. பெட்டிக்குள் மூக்கை நீட்டும் முன்பே பச்சை எரிந்தது. மறுபக்கத்து நாற்காலிகளில் ஒரு சீனக் குடும்பம் போர்வையும் ஃபிளாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய ஆமை நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்ததாம்.

கவுண்டரில் இருந்தவள் டாக்டர் ஹேமலோஷினி. இளம் வயது கால்நடை மருத்துவர். முழங்கை வரை நகக் கீறல்கள்.

"பேரு சம்பலா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"சாம்பல். பதியும்போது யாரோ 'சா'வோட காலை எடுத்துட்டாங்க," என்றான் தனேந்திரன்.

"நல்லவேளை. மிளகாய்ச் சம்பல் மாதிரி காரமான பூனையோன்னு நெனச்சேன். யாருண்ணே இதோட ஆளு?"

"நான்தான்." அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அதில் பொய்யில்லை. தடுப்பூசிக்குத் தூக்கிப்போவது அவன். நெத்திலி வாங்கி வருவது அவன். மண் தட்டைச் சுத்தம் செய்வதும் அவன்தான்.

சாம்பலைப் பெட்டிக்குள் விட்டார்கள். தனேந்திரனைப் பெட்டியின் வாயருகே நின்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னாள் டாக்டர். "சாம்பலு, அப்பா வந்திருக்கேன்டா செல்லம்," என்றான் அவன். திரையில் நான்கு கோடுகள் தெரிந்தன. ஆள், இடம், உணவு, ஆபத்து. 'ஆள்' என்ற கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. 'இடம்' என்பது கூரையை முட்டியது. சிவப்பு எரிந்தது.

"அண்ணே, இது உங்களை ஆளா எடுத்துக்கல," என்றாள் டாக்டர். "நீங்க ஒரு இடம்."

"இடமா?"

"வெதுவெதுப்பான இடம். மெத்தையா இருக்கும். சாயங்காலம் வரும், காலையில போயிரும்."

லோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். ஆமைக் குடும்பத்தில் ஓர் அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவருக்கும் சிரிப்பு வந்தது. தனேந்திரனின் முகம் சுருங்கிப்போயிற்று.

"நீங்க வந்து நில்லுங்கக்கா," என்றாள் டாக்டர்.

லோகேஸ்வரி பெட்டியருகே போனதுமே 'ஆள்' கோடு விருட்டென்று எழுந்தது. சாம்பல் மூக்கை நீட்டி அவள் மணிக்கட்டை முகர்ந்தது. அவ்வளவுதான். 'ஆபத்து' கோடும் கூடவே எழுந்து நின்றது. மறுபடி சிவப்பு.

"புது இடம். பயந்துருக்கும் லா," என்றான் தனேந்திரன். "கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாள். சிவப்பு. லோகேஸ்வரியைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பார்த்தாள். ஆபத்துக் கோடு அடங்கிவிட்டது. பூனை கொட்டாவி விட்டது. லோகேஸ்வரியை உள்ளே கூப்பிட்டாள். கோடு எழுந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பூனைக்குப் பயம் ஒண்ணும் இல்லக்கா. அதுக்கு நாடும் தெரியாது, பாலமும் தெரியாது. தன்னோட ஆளை மோந்து பாத்துத்தான் முடிவு பண்ணும். ஆளுக்கு உள்ள உதறுச்சுன்னா வேர்வையில வாசம் மாறிரும். அதைத்தான் இது சொல்லுது."

"வெயில்ல வேர்க்காதா பின்ன?" என்றான் தனேந்திரன்.

"வெயில் வேர்வை வேறண்ணே, பய வேர்வை வேற. நமக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கு என்ன பயம்?"

"எனக்கென்ன பயம். ஒண்ணுமில்ல," என்றாள் லோகேஸ்வரி.

அவள் கை இன்னும் பெட்டியின் வாயில்தான் இருந்தது. அவள் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு பளிச்சென்று ஏறியது.

"சந்தோசமாத்தான் வர்றேன்," என்றாள்.

இன்னும் ஏறியது. டாக்டர் குனிந்து மேசையின் கீழே எதையோ தேடத் தொடங்கினாள். லோகேஸ்வரி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

தனேந்திரன் பெட்டிக்குள் கையை விட்டான். பூனையைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே வண்டிகள் நகர்ந்துகொண்டிருந்தன.

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றான் அவன்.

"நீங்க கேக்கலையே."

"கேட்டேன். ரெண்டு மூணு தடவை கேட்டேன்."

"ஜன்னல் துணி பச்சையா நீலமான்னு கேட்டீங்க. போலாமான்னு கேக்கல."

அவன் பூனையின் காதைத் தடவினான். பிறகு தன் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினான். "மழையில நனைஞ்சு நனைஞ்சு இது மடங்க மாட்டேங்குது. போன மாசம் பாலத்து நடுவுல தூங்கிட்டேன் லோகேஸ். ஹேண்டில புடிச்சுக்கிட்டே. பின்னால இருந்தவன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன். உனக்குச் சொல்லல."

இந்த மனிதன் மழைக்கோட்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "இன்னைக்கு நெரிசல் பரவால்ல," என்று சொல்லும் மாலைகள் எல்லாம் அவளுக்கு ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"அதான் நான் ஒண்ணும் சொல்லல," என்றாள். "உங்க காலைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? எனக்கு அந்த சீட்டு வேணும். அவ்வளவுதான்."

"எந்த சீட்டு?"

"இடப்பக்க சீட்டு. கால்கிட்ட எனக்குன்னு ஒரு பிரேக் இருக்கும்ல. நடுங்கிக்கிட்டு வந்து உக்காருவாங்க. புருசன் செத்துப்போய், காரு மட்டும் வாசல்ல நிக்குதுன்னு ஒரு அம்மா வந்தாங்க. ஸ்டியரிங்கைத் தொடவே ஒரு வாரம் ஆச்சு. பிறகு ஒருநாள் ரவுண்டானாவைச் சுத்திட்டு, 'டீச்சர், இன்னொரு சுத்து'ன்னாங்க. அதைப் பாக்கறதுக்குத்தான் நான் காலையில எந்திரிக்கிறேன். சிங்கப்பூர்ல நான் என்ன பண்ணுவேன்? ஜன்னல் துணியைப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

சொல்லி முடித்தபோது அவளுக்கே வியப்பாக இருந்தது. இதைத் தனக்குத்தானே கூட அவள் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்டதில்லை.

தனேந்திரனின் போன் அதிர்ந்தது. அக்கா.

"எங்கடா இருக்கீங்க? நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு."

"பூனை ஒத்துக்க மாட்டேங்குதுக்கா."

"பூனையைக் கேட்டா நான் வீடு பாத்தேன்? அங்கயே யார்கிட்டயாவது குடுத்துட்டு வா."

"பாக்கறேன்," என்று போனை வைத்தான். பிறகு மெல்ல லோகேஸ்வரியிடம் சொன்னான்: "ஒண்ணு பண்ணலாம். நீயும் இதுவும் இங்கயே இருங்க. வீட்டுச் சாவியை இன்னும் திருப்பிக் குடுக்கலைல்ல. நான் அங்க இருக்கேன். சனி ஞாயிறு வர்றேன்."

அவன் பெருந்தன்மையாகச் சொன்னான். சொல்லிவிட்டுப் பூனையைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. சாம்பல் அவன் மடியில் நான்கு காலையும் உள்ளே இழுத்து ரொட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அந்தப் பக்கமாகக் கிளிக்கூண்டு ஒன்றைத் தூக்கிப்போன டாக்டர் நின்றாள். "மன்னிச்சுக்குங்க, காதுல விழுந்துச்சு. அப்படிச் செய்யறதுக்கு சட்டத்துல தடை இல்ல. ஆனா பூனைக்கு என்ன ஆகும்னு சொல்லிடறேன். பூனைக்கு ஆளு வேற, இடம் வேற. ரெண்டும் வேணும். பெரும்பாலான பூனைங்களுக்கு இடம்னா நாலு சுவரு, ஒரு அடுப்படி. வீட்டை விட்டுக் கிளம்பினா கெடந்து தவிக்கும். உங்க பூனை காலையிலேருந்து வீட்டை விட்டு வந்துருக்கு, வீட்டைத் தேடவே இல்ல பாருங்க. ஏன்னா வீடு கூடவே வந்துருக்கு."

"எங்க?" என்றான் தனேந்திரன்.

டாக்டர் அவன் மடியைக் காட்டினாள். "நீங்கதாண்ணே. நீங்க மட்டும் போனீங்கன்னா, அதுக்கு வீடு இடிஞ்சு விழுந்த மாதிரி."

கிளி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது. டாக்டர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இடம் என்று கேட்டபோது சுருங்கிய தனேந்திரனின் முகம் இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. "பாத்தியா," என்று மட்டும் சொன்னான்.

லோகேஸ்வரி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையைப் பார்த்து யோசிப்பது அவள் பழக்கம். இந்தப் பக்கம் வண்டிகள் பம்பரோடு பம்பர் ஒட்டி நின்றன. நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரிலிருந்து வரும் சாலையில், ஒரு கோழி லாரி மட்டும் ஆற அமரப் போய்க்கொண்டிருந்தது.

"காலையில அந்தப் பக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

"நீங்க போற நேரத்துக்கு, எதிர்ல வர்ற ரோடு."

"காலியா கிடக்கும். படுத்துத் தூங்கலாம். அதைப் பாத்துப் பாத்து வயிறெரியும் எனக்கு. எல்லாரும் ஒரே பக்கம் போறாங்க, எதிர்ப்பக்கம் யாரு வரப்போறா?"

"நான் வர்றேன்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"வீடு அங்கயே இருக்கட்டும். நீங்க பத்து நிமிசத்துல வேலைக்கு நடந்து போங்க. நான் காலையில காரை எடுத்துக்கிட்டு இங்க வர்றேன். பாடம் முடிச்சுட்டு, நீங்க எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பற நேரத்துக்கு நான் அந்தப் பக்கம் திரும்பிருவேன். ஸ்கூல்ல என் இடத்துக்கு இன்னும் ஆள் போடல."

"நான் பட்ட பாட்டை இனிமே நீ படணுமா?"

"நீங்க பாலத்துல நின்னீங்க. நான் ஓட்டப் போறேன். ரெண்டும் ஒண்ணா? நான் ஓட்டறவ."

அவன் பூனையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். பிறகு மிகவும் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டான்: "உனக்கு அது பிடிக்குமா? எனக்காகச் சொல்லலையே?"

"வாங்க, கேட்டுப் பாப்போம்," என்று எழுந்தாள் லோகேஸ்வரி.

டாக்டர் சாம்பலை வாங்கிப் பெட்டிக்குள் விட்டாள். உள்ளே இருட்டு, இதமான சூடு. அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது. கோடு எதுவும் எழவில்லை. லோகேஸ்வரி கையை நீட்டினாள், பூனை முகரவில்லை. "சாம்பலு," என்று கூப்பிட்டாள். அசைவில்லை. அவள் குனிந்து, தலையைப் பெட்டிக்குள் நுழைத்துப் பார்த்தாள்.

"ஏய், இங்க பாரு. நான் திரும்பிப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறேன். நீயும் அப்பாவும் அங்க இருங்க. சாயங்காலம் வந்துருவேன். சரியா?"

பெட்டியின் மேலே பச்சை எரிந்தது. வெளிச்சம் கூரைவரை பரவியது. ஆமைக் குடும்பம் கைதட்டியது.

தனேந்திரன் கூண்டை எடுத்தான். டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினாள். திரையை உற்றுப் பார்த்தாள், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அக்கா, பூனை தூங்கிட்டு இருக்கு."

"அப்ப பச்சை?"

"உங்க தலை உள்ள இருந்துச்சு. இது உங்க பதில்."

மூன்று பேரும் அந்த விளக்கைப் பார்த்தார்கள்.

"இது செல்லாதுக்கா," என்றாள் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "மனுசங்களைக் கேக்கறதுக்கு எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அழிச்சிடறேன்."

"கொஞ்சம் இருங்க டாக்டர்," என்றான் தனேந்திரன். "நான் ஒரு தடவை நல்லாப் பாத்துக்கறேன்."

அவன் கைகளைக் கட்டிக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்ப்பவன் மாதிரி அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றான். லோகேஸ்வரிக்குக் கூச்சமாக இருந்தது. தலைமுடியில் ஒட்டியிருந்த பூனை மயிரை எடுப்பதுபோலக் குனிந்துகொண்டாள். டாக்டர் விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்தபடி, அவசரப்படாமல் காத்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.

"அப்ப பூனையை எழுப்பட்டுமா?" என்றான் அவன்.

"எழுப்பக்கூடாதுண்ணே. எழுப்பிக் கேட்டா வற்புறுத்தல் ஆயிரும். தானா எந்திரிக்கணும்."

சாம்பல் தானாக எழுந்திருப்பதைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. கிளிக்காரர் பச்சை வாங்கிப் போய்விட்டார். டாக்டர் பூனையை அப்படியே தூக்கித் தனேந்திரன் மடியில் கிடத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். லோகேஸ்வரி வெளியே போய் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் வாங்கி வந்தாள். அவனால் அசைய முடியாததால் ஊட்டிவிட்டாள். ஊட்டிக்கொண்டே, முழங்காலுக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது, பாலத்தில் தூங்கியதை ஏன் சொல்லவில்லை என்று நன்றாகத் திட்டினாள். பூனை எழுந்துவிடும் என்பதால் அவன் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. இப்படி ஒரு சண்டையை அவர்கள் போட்டதே இல்லை. திட்டும் பதிலும் ரகசியம் பேசுவது மாதிரி நடந்தது.

நல்ல நேரம் போயிற்று. அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

"பால் பொங்கிருச்சு. நான்தான் காய்ச்சினேன். பக்கத்து வீட்டு ஆளுங்க குடிச்சுட்டுப் போயிட்டாங்க. நீங்க என்னதான் பண்றீங்க?"

"உக்காந்திருக்கோம்க்கா."

"எதுக்கு?"

"சும்மா பேசிக்கிட்டு," என்றான் தனேந்திரன்.

வெயில் சாய்ந்தபோது சாம்பல் எழுந்தது. முதுகை வளைத்தது, அவன் தொடையில் நகத்தைப் பாய்ச்சிச் சோம்பல் முறித்தது, லோகேஸ்வரியின் கையை முகர்ந்தது. பிறகு யாரும் தூக்காமலே மேசைமேல் தாவிப் பெட்டிக்குள் போயிற்று. ஆள் கோடும் இடக் கோடும் தோளோடு தோள் நின்றன. மூன்றாவதாக உணவுக் கோடு அவை இரண்டையும் தாண்டி எழும்பியது. பச்சை. டாக்டர் முத்திரையைக் குத்தினாள்.

மறுநாள் லோகேஸ்வரி பாலத்தில் திரும்பி வந்தாள். அவன் சொன்னது நிஜம்தான், சாலை துடைத்துவிட்டதுபோல இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆயிரம் ஹெல்மெட்டுகள் சிங்கப்பூரைப் பார்த்து நின்றன. கண்ணாடியை இறக்கிவிட்டு, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினாள்.

பயிற்சிப் பள்ளியில் ஒரு புதுப் பெண் காத்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், பெயர் தர்ஷாயினி. கல்யாணம் ஆகிச் சில மாதங்கள்தான். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"பயமா இருக்கா?" என்றாள் லோகேஸ்வரி.

"இல்ல டீச்சர்."

வேறு நாளாக இருந்தால், "அப்ப சாவியைத் திருப்புங்க," என்று சொல்லியிருப்பாள். இன்றைக்குச் சாவியைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் கத்துக்கணும்னு ஆசையா, இல்ல வீட்ல அனுப்பினாங்களா?"

அந்தப் பெண் பெல்ட்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "வீட்லதான்," என்றாள் கடைசியில். "மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேணுமாம்."

"சரி. உங்களுக்கு எங்க போகணும்? சொல்லுங்க. இன்னைக்கு நான் ஓட்டறேன், நீங்க பாருங்க. நாளைக்கு வர்றதா வேணாமான்னு ராத்திரி நீங்களே முடிவு பண்ணுங்க."

இருவரும் இறங்கி இடம் மாறி உட்கார்ந்தார்கள். தர்ஷாயினி மறுபடி யோசித்தாள். இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் தேடிப் பழக்கமில்லாதவள் என்பது முகத்தில் தெரிந்தது. லோகேஸ்வரி அவசரப்படுத்தவில்லை.

"டீச்சர்," என்றாள் அவள், "எனக்கு முதல்ல பசிக்குது. காலையில ஒண்ணும் சாப்பிடல."

லோகேஸ்வரி வண்டியை ரொட்டி சானாய்க் கடைப் பக்கமாகத் திருப்பினாள்.